பாண்டாவின் காட்டில் மனித நடமாட்டம்: ஓர் எளிய விளக்கம்

பாண்டாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் கேட்பது இதுதான்: அதற்குத்தான் சீனாவில் அத்தனை காப்பகங்கள் இருக்கின்றனவே, எண்ணிக்கையும் கூடியிருக்கிறதே, அப்புறம் என்ன கவலை? நியாயமான கேள்வி. 2011 முதல் 2014 வரை சீனா நடத்திய நான்காவது தேசியக் கணக்கெடுப்பில் 1,864 காட்டுப் பாண்டாக்கள் இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 1,596தான் இருந்தன. அவை வாழும் பரப்பும் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடி, ஏறக்குறைய 25,800 சதுர கிலோமீட்டர் ஆகியிருந்தது. உலக அளவில் உயிரினங்களின் நிலையை மதிப்பிடும் ஐ.யு.சி.என். அமைப்பு, 2016ல் பாண்டாவை ‘அழியும் அபாயத்தில் உள்ளவை’ என்ற வகையிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த வகைக்கு மாற்றியது. இவை எல்லாமே உண்மையான, மகிழ வேண்டிய செய்திகள்.

ஆனால் அதே கணக்கெடுப்பு வேறு சில எண்களையும் தந்தது. பாண்டாக்கள் வாழும் பகுதிக்குள் 319 நீர்மின் நிலையங்கள், 1,339 கிலோமீட்டர் சாலைகள். பாண்டாக்கள் ஒரே கூட்டமாக இல்லை, ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிந்த 33 குழுக்களாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் 30 பாண்டாக்கள்கூட இல்லை. வேட்டை போன்ற பழைய ஆபத்துகள் குறைந்திருக்கின்றன, சாலை, சுரங்கம், மின்திட்டம், சுற்றுலா போன்ற புதியவை பெருகியிருக்கின்றன என்று கணக்கெடுத்தவர்களே சொன்னார்கள்.

இந்த இரண்டு வகைச் செய்திகளும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியும் பரப்பை அளந்துவிடலாம். அந்தப் பச்சைக்குள் எவ்வளவு இடத்தைப் பாண்டாவால் நிஜமாகவே பயன்படுத்த முடிகிறது என்பது வேறு கணக்கு. ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் ஒரு காட்டைப் பாண்டாவுக்கு உதவாததாக்கிவிட முடியும். மனித இடையூறு என்று வனவிலங்கு ஆய்வாளர்கள் சொல்வதன் முக்கியமான பகுதி அதுதான்.

முதலில், பாண்டாவுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும்?

பாண்டா கரடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் குடல் இன்னமும் இறைச்சி தின்னும் விலங்கின் குடல்தான். நீளம் குறைவு. மாட்டுக்கு இருக்கும் பல அறை இரைப்பையும் கிடையாது. ஆனால் அது தின்பது கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மூங்கில். தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டுவதில்லை, மிச்சம் நாராகவே வெளியேறிவிடுகிறது. எனவே ஒரு நாளைக்கு 12 கிலோவிலிருந்து 38 கிலோ வரை தின்றாக வேண்டும். இலையா, தண்டா, முளைக்குருத்தா என்பதைப் பொறுத்து இந்த அளவு மாறும். நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இதற்கே போய்விடுகிறது.

வரவு இவ்வளவு குறைவு என்றால் செலவையும் சுருக்கத்தானே வேண்டும்? பாண்டா அதைத்தான் செய்கிறது. 2015ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, அதே எடையுள்ள ஒரு பாலூட்டி ஒரு நாளில் செலவழிக்கும் என்று எதிர்பார்க்கும் ஆற்றலில் பாண்டா செலவழிப்பது 38 சதவீதம்தான். மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் உடலளவுக்குச் சற்றுச் சிறியவை. தைராய்டு ஹார்மோனின் அளவும் மிகக் குறைவு. அது மெதுவாக நடப்பதையும் எந்நேரமும் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துச் சோம்பேறி என்று சிரிக்கிறோம். அந்த நிதானம் இல்லாவிட்டால் மூங்கிலை மட்டும் தின்று அதனால் உயிர்வாழவே முடியாது.

அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகுமோ, அதுதான் பாண்டாவுக்கும். ஆள் சத்தம் கேட்டுத் தின்பதை விட்டு எழுந்து செங்குத்தான சரிவில் ஏறிப் போனால், தின்னும் நேரமும் போகிறது, இருந்த கொஞ்ச ஆற்றலும் செலவாகிறது. ஒரு முறை நடந்தால் தாங்கிக்கொள்ளும். தினமும் நடந்தால் அந்த இடத்தையே விட்டுவிடும்.

உணவு மட்டும் போதாது. ஏறிச் செல்லச் சிரமமில்லாத மிதமான சரிவு வேண்டும். மேலே மர நிழல், கீழே மூங்கில் என்ற அமைப்பு வேண்டும். குட்டி போட, உள்ளே பொந்து விழுந்த வயதான பெரிய மரமோ பாறை இடுக்கோ வேண்டும். பிறக்கும் குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம், கண் திறக்காது, ரோமம்கூடச் சரியாக இருக்காது. முதல் சில நாட்கள் தாய் இரைதேடக்கூட வெளியே போகாமல் அதை அணைத்தபடியே கிடக்கும். அந்த நேரத்தில் குகைக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனச்சேர்க்கையும் இப்படித்தான், நூலிழையில் தொங்குவது. பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடிய காலம் ஆண்டுக்கு ஒரு முறை, வசந்த காலத்தில், ஒன்று முதல் மூன்று நாட்கள்தான். தனியே திரியும் விலங்குகளான இவை, மரத்தில் தேய்த்து விட்டுச்சென்ற வாசனையை வைத்தே ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. குரலும் கொடுக்கும். நடுவில் ஒரு சாலையோ இரைச்சலோ வந்து அந்தச் சில நாட்கள் வீணானால் அந்த ஆண்டே வீண்.

மேலே மேலே தள்ளப்பட்ட கதை

இன்று காட்டுப் பாண்டாக்கள் இருப்பது சிச்சுவான், ஷான்சி, கான்சு ஆகிய மூன்று மாகாணங்களில், ஆறு மலைத்தொடர்களில். நான்காவது கணக்கெடுப்பின்படி மின்ஷானில் 797, சியோங்லாயில் 528, சின்லிங்கில் 347, லியாங்ஷானில் 124, தாசியாங்லிங்கில் 38, சியாவ்சியாங்லிங்கில் 30. ஒரு காலத்தில் தாழ்வான மலைகளிலும் இருந்தவை, பள்ளத்தாக்குகள் வயல்களாக மாற மாற மேலேறிப் போயின. இப்போது பெரும்பாலும் 1,200 மீட்டருக்கும் 3,400 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் வாழ்கின்றன.

மேலேயும் மூங்கில் இருக்கிறதே, போனால் என்ன என்று தோன்றலாம். இங்கேதான் மூங்கிலின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூங்கில் பூத்தால் பட்டுப்போகும் என்பது நமக்கும் தெரிந்ததுதான். ஒரு வகை மூங்கில், ஒரு மலை முழுக்க ஒரே காலத்தில் பூத்து, ஒரே காலத்தில் சாகும். விதையிலிருந்து மறுபடி முளைத்துப் பாண்டா தின்னும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். மூங்கில் பூப்பது லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடப்பது, பாண்டாவும் அதைத் தாண்டி வந்த விலங்குதான். எப்படித் தாண்டியது? ஒரு உயரத்தில் ஒரு வகை மூங்கில் செத்தால், வேறு உயரத்தில் வளரும் வேறு வகைக்கு இறங்கியோ ஏறியோ போய்விடும். சிச்சுவானின் வோலோங் காப்பகத்தில் 1983ல் மேல்மட்ட மூங்கில் பூத்துச் செத்தபோது, அங்கிருந்த பாண்டாக்கள் கீழ்மட்டத்தில் வளரும் இன்னொரு வகை மூங்கிலைத் தின்று சமாளித்தன. கீழே அந்த மூங்கில் மிச்சமிருந்ததால் பிழைத்தன.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1970களின் நடுவில், மின்ஷான் மலைகளில் இதே போலப் பூத்தபோது குறைந்தது 138 பாண்டாக்கள் செத்துக் கிடந்தன. பூத்தது மூங்கிலின் இயல்பு. ஆனால் கீழ்ச்சரிவுகள் வயலாகவும் ஊராகவும் மாறிவிட்ட இடங்களில், இறங்கிப் போக வேண்டிய இடத்தில் மூங்கிலே இல்லை. இயற்கையின் ஒரு சாதாரணச் சுழற்சியைப் பேரழிவாக மாற்றிவிடும் சக்தி மனித இடையூறுக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வயலோடு மரவெட்டும் சேர்ந்தது. சிச்சுவானின் மலைக்காடுகளில் பல பத்தாண்டுகள் அரசு நிறுவனங்களே பெருமளவில் மரம் வெட்டின. 1998ல் யாங்சி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகுதான், மேற்பகுதிக் காடுகள் அழிந்ததன் விலை என்ன என்பது அரசுக்கு உறைத்தது. இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டத் தடை வந்தது. அடுத்த ஆண்டிலேயே, செங்குத்தான சரிவில் உழுவதை நிறுத்தி மரம் நடும் விவசாயிகளுக்குத் தானியமும் பணமும் தரும் திட்டம் தொடங்கியது. இரண்டும் பலன் தந்தன. ஆனால் நட்டு வளர்த்த இளங்காடு உடனே பாண்டா காடாகிவிடாது. பாண்டாக்கள் முதிர்ந்த காட்டையே நாடுகின்றன என்று 2011ல் வந்த ஆய்வு காட்டியது. பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் பருக்க மனிதரின் ஆயுள் காலம் போதாது.

வோலோங்கில் ஒரு அடுப்பு

இனி சின்னச் சின்ன இடையூறுகளுக்கு வருவோம். உண்மையில் இவைதான் எனக்கு அதிகம் கவலை தருபவை, ஏனென்றால் செய்தியில் வருவதே இல்லை.

வோலோங், பாண்டா பாதுகாப்பின் அடையாளமாகவே ஆகிவிட்ட காப்பகம். 1963ல் தொடங்கி, 1975ல் 2,000 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அதற்குள் திபெத்திய, சியாங், ஹான் மக்கள் பல ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். காப்பகம் வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜியான்குவோ லியுவும் அவரது குழுவினரும் 1965, 1974, 1997 ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 2001ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காப்பகமாக அறிவித்த பிறகு பாண்டாவின் வாழிடம் முன்பைவிட வேகமாகச் சீரழிந்திருந்தது! வெளியே உள்ள காட்டுக்கும் உள்ளே உள்ள காட்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

காரணம் யாரோ வெளியிலிருந்து வந்து கொள்ளையடித்ததல்ல. விறகு. அங்கே குளிர் காலம் நீளம். வீட்டைச் சூடேற்ற விறகு, சமைக்க விறகு, அது போகப் பன்றிகளுக்குத் தீவனம் வேகவைக்க விறகு. வோலோங் வீடுகளில் இந்தப் பன்றித் தீவன அடுப்பு விறகை விழுங்கியது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மக்கள்தொகை கூடியதைவிட வேகமாக வீடுகளின் எண்ணிக்கை கூடியது. கூட்டுக் குடும்பம் பிரிந்து மகன் தனிக்குடித்தனம் போனால், அங்கே ஒரு அடுப்புக்குப் பதில் இரண்டு அடுப்பு எரியும். ஆள் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் விறகுச் செலவு ஏறும். பக்கத்துக் காடு தீர்ந்ததும் மேலே போனார்கள், அதாவது பாண்டா இருக்கும் இடத்துக்கு.

யாரைக் குறை சொல்வது? குளிரில் அடுப்பு எரிக்காமல் இருக்க முடியுமா? மின்சாரம் வந்த பிறகும், அது விலை கூடுதலாகவும் அடிக்கடி நின்றுபோவதாகவும் இருக்கும்வரை ஜனங்கள் விறகை விடவில்லை. இது விலை, வசதி சார்ந்த விஷயம். மலையில் காவலுக்கு ஆள் போட்டு மட்டும் இதைத் தீர்க்க முடியாது.

குதிரைகள் வந்தன

விறகு வெட்டுவது குறையத் தொடங்கிய காலத்தில் வோலோங்கில் யாரும் எதிர்பார்க்காத வேறொன்று நுழைந்தது. அங்குள்ள விவசாயிகள் பரம்பரையாகக் குதிரை வளர்ப்பவர்கள் அல்ல. காப்பகத்துக்கு வெளியே இருந்த நண்பர்கள், குதிரைகளை மலையில் அவிழ்த்துவிட்டு, பணம் தேவைப்படும்போது பிடித்து வந்து விற்பதைப் பார்த்து இவர்களும் ஆரம்பித்தார்கள். செலவே இல்லாத முதலீடு. 1998ல் வெறும் 25 குதிரைகள் இருந்த இடத்தில் 2008ல் 350 ஆகிவிட்டன.

பாண்டாக்களைத் தொடர்ந்து கவனித்து வந்த வனெசா ஹல் என்ற ஆய்வாளரின் கண்ணில், மூங்கில் புதர்கள் மொட்டையாகிக் கிடக்கும் இடங்கள் பட ஆரம்பித்தன. என்னதான் நடக்கிறது என்று அறிய, அவரும் சக ஆய்வாளர்களும் நான்கு குதிரைக் கூட்டங்களில் குதிரைகளுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டினார்கள். அதே பகுதியில் பட்டை கட்டியிருந்த மூன்று பாண்டாக்களின் நடமாட்டத்தோடு ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாண்டா விரும்பும் அதே வெயில் படும் மிதமான சரிவுகளைத்தான் குதிரையும் விரும்பியது. அதே மூங்கிலைத்தான் தின்றது. ஒரு குதிரையும் ஒரு பாண்டாவும் தின்னும் மூங்கில் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் பாண்டா தனியாக வரும், குதிரை இருபதுக்கும் மேலான கூட்டமாக வரும். இருபது பாண்டாக்கள் ஒரே சரிவில் வந்து உட்கார்ந்து தின்பதை எந்த மூங்கில் காடும் கண்டதில்லை, தாங்கவும் முடியாது.

ஆய்வு முடிவைக் காப்பக அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னதும் வோலோங்கில் குதிரைகளுக்குத் தடை வந்தது. ஆய்வு உடனடியாக நடைமுறையான அபூர்வமான சந்தர்ப்பம் இது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. மின்ஷான் மலையில் உள்ள வாங்லாங் காப்பகத்தில் பதினைந்து ஆண்டுகளில் கால்நடைகள் ஒன்பது மடங்கு பெருகின. மாடு, யாக், குதிரை எல்லாம் உண்டு. அங்கே பாண்டாக்கள் பயன்படுத்தி வந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கை அவை கைவிட்டுவிட்டன என்று 2017ல் வெளியான ஆய்வு சொன்னது. கவனியுங்கள், வாங்லாங்கில் யாரும் காட்டை வெட்டவில்லை. வானிலிருந்து பார்த்தால் மரங்கள் அப்படியே நிற்கும். கீழே மூங்கிலும் இல்லை, பாண்டாவும் இல்லை.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. மரவெட்டுத் தடை வந்து வருமானம் இழந்த ஜனங்கள், சரிவில் உழுவதை விட்ட ஜனங்கள், வேறு பிழைப்பு தேடித்தான் மாடு குதிரைக்குப் போனார்கள். ஒரு இடையூறை நிறுத்தியது இன்னொன்றை வளர்த்துவிட்டது. கால்நடை வளர்ப்பு பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரிவதால் நெடுநாள் யாரும் அதை ஆபத்துப் பட்டியலில் பெரிதாகச் சேர்க்கவும் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வசந்தத்தில் மூங்கில் குருத்து பறிக்கக் காட்டுக்குள் போகிறார்கள். அதுதான் பாண்டாவுக்குச் சத்தான தீனி கிடைக்கும் பருவம், இனச்சேர்க்கைப் பருவமும் அதை ஒட்டியேதான். மூலிகை பறிப்பவர்கள் நாள் கணக்கில் மலையிலேயே தங்குவதும் உண்டு. கஸ்தூரி மானுக்கு வைக்கும் சுருக்குக் கண்ணி பாண்டாவையும் விடாது. 1980களின் தொடக்கத்தில் வோலோங்கில் அமெரிக்க வனவிலங்கு ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலரின் குழு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்த ஹான்ஹான் என்ற பெண் பாண்டா அப்படிப்பட்ட ஒரு கண்ணியில் சிக்கித்தான் செத்தது. பாண்டாவைக் கொல்ல வேண்டும் என்று அதை யாரும் வைக்கவில்லை.

சாலை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

ஒரு மலைச்சாலை எடுத்துக்கொள்ளும் இடம் பத்துப் பதினைந்து மீட்டர் அகலம்தான். பரப்புக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் சாலை ஒரு கோடு. கோடு போட்டால் காடு இரண்டாகும்.

சாலைக்கு இருபுறமும் கொஞ்ச தூரத்துக்குப் பாண்டாக்கள் வருவதைத் தவிர்க்கின்றன. அவற்றின் செவி கூர்மையானது. விலங்குக் காட்சிச் சாலையில் இருந்த பாண்டாக்களைச் சில ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வில், சத்தம் கூடிய நாட்களில் அவை நிலைகொள்ளாமல் அலைவதும் மன அழுத்த ஹார்மோன்கள் கூடுவதும் தெரிந்தன. ஆளுக்கும் வண்டிக்கும் பழகிய விலங்குக்கே இப்படி என்றால் காட்டு விலங்குக்குக் கேட்க வேண்டுமா? சாலை வந்தால் அதையொட்டிக் கடை வரும், வீடு வரும், மின்கம்பி வரும், முன்பு எட்டாமல் இருந்த காட்டுக்குள் மாடும் ஆளும் சுலபமாக ஏறிவிடுவார்கள். நீர்மின் நிலையம் என்றாலும் அணையைவிட அதற்குப் போடும் சாலையும் கம்பி வழியும்தான் பல இடங்களில் பெரிய வெட்டு.

சீனாவின் வெய்ஹுவா ஷூவும் சக ஆய்வாளர்களும் 2017ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாகக் காட்டியது. 1976 முதல் 2001 வரை பாண்டா வாழிடத்தின் மொத்தப் பரப்பு குறைந்தது சுமார் 5 சதவீதம்தான். ஆனால் ஒரு துண்டின் சராசரி அளவு 24 சதவீதம் சுருங்கிவிட்டது. அதாவது காடு அவ்வளவாகக் குறையவில்லை, நொறுங்கியிருக்கிறது. 2001க்குப் பிறகு பரப்பும் துண்டின் அளவும் லேசாக மீண்டன, பழைய நிலைக்கு வரவில்லை. இதே ஆய்வுக் காலத்தில் அங்கே சாலைகளின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று மடங்கானது.

நொறுங்கினால் என்ன கெட்டுவிடும்? முப்பதுக்கும் குறைவான பாண்டாக்கள் உள்ள ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். அதில் இனப்பெருக்க வயதில் உள்ளவை பாதிகூட இருக்காது. வெளியிலிருந்து புதிதாக எதுவும் வராவிட்டால் சில தலைமுறைகளில் உறவுக்குள்ளேயே சேர்க்கை நடக்கும், மரபணு வளம் குறையும், நோயைத் தாங்கும் சக்தியும் குறையும். அந்த மலையில் மூங்கில் பூத்துச் செத்தால் பக்கத்து மலைக்குப் போகவும் வழி இல்லை. பருவமடைந்த இளம் பெண் பாண்டாக்கள் பிறந்த இடத்தை விட்டு வெளியேறிப் புது இடம் தேடிப் போவது வழக்கம். வழி அடைபட்டால் அதுவும் நின்றுபோகும். வெறும் தற்செயலாலேயே, ஒரு மோசமான குளிர்காலத்தாலோ தொடர்ந்து ஆண் குட்டிகளே பிறந்ததாலோகூட, அப்படிப்பட்ட குழு அழிந்துபோகலாம். நாட்டின் மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்க முடியும் என்பதுதான் விஷயம்.

2008 மே 12 அன்று சிச்சுவானைத் தாக்கிய நிலநடுக்கம் இன்னொரு விதத்தில் இதை உணர்த்தியது. மலைச்சரிவுகள் பெரிய அளவில் சரிந்து காடும் மூங்கிலும் மண்ணுக்கடியில் போயின. அது மனிதர் செய்ததல்ல. ஆனால் ஏற்கெனவே துண்டாகிக் கிடந்த வாழிடத்தில், சரிந்த பகுதியைச் சுற்றிப் போக மாற்று வழி குறைவாகவே இருந்தது.

ஒட்டுப் போடும் வேலை

யானை வழித்தடம் என்று நம் ஊரில் பேசுகிறோமே, அதே யோசனை பாண்டாவுக்கும் பொருந்தும். பிரிந்த இரண்டு காடுகளுக்கு நடுவில் விலங்கு கடந்துபோகும் அளவுக்கு ஒரு பட்டை நிலத்தையாவது மீட்பது. சாலையை மலைக்கு அடியில் சுரங்கப்பாதையாகக் கொண்டுபோனால் மேலே காட்டை ஒட்டிவிடலாம். சிச்சுவானில் யா’ஆன் நகரிலிருந்து சிசாங் செல்லும் அதிவேகச் சாலை, தாசியாங்லிங் மலைத்தொடரின் நீபா மலைக்குக் கீழே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் சுரங்கப்பாதையில் போகிறது. 2012ல் திறக்கப்பட்டது. வண்டிகள் கீழே போனதும் மேலே இருந்த பழைய சாலையில் போக்குவரத்து குறைந்தது. ஷான்சியின் சின்லிங் மலைகளிலும் ஒரு தேசிய நெடுஞ்சாலையில் இதே போலச் சுரங்கப்பாதை வந்தபின், கைவிட்ட சாலைப் பகுதியில் வழித்தடத்துக்காக மூங்கில் நட்டார்கள்.

2021 அக்டோபரில் முறைப்படி அறிவிக்கப்பட்ட மாபெரும் பாண்டா தேசியப் பூங்காவும் இந்த ஒட்டுப்போடும் வேலையின் பெரிய வடிவம்தான். பரப்பு ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டர். தனித்தனி நிர்வாகத்தில் கிடந்த 67 காப்பகங்களில் பலவற்றை மூன்று மாகாண எல்லை தாண்டி ஒன்றாக்குவதே நோக்கம். நான்காவது கணக்கெடுப்பின்போது பாண்டாக்களில் மூன்றில் ஒரு பங்கு காப்பகங்களுக்கு வெளியே இருந்தன என்பதை நினைத்தால் இதன் அவசியம் புரியும்.

பாண்டாவைக் காத்தால் அதே காட்டில் உள்ள எல்லாம் தானாகவே காக்கப்படும் என்று நெடுநாள் நம்பினோம். பறவைகள் பலவற்றுக்கும் சிறு விலங்குகளுக்கும் அது ஓரளவு சரிதான். ஆனால் 2020ல் வெளியான ஒரு ஆய்வின்படி, பாண்டாவின் மலைகளில் உள்ள காப்பகங்கள் பலவற்றிலிருந்து, முன்பு அங்கே இருந்த சிறுத்தை, செந்நாய், ஓநாய், பனிச்சிறுத்தை எல்லாம் மறைந்துவிட்டன. செந்நாய் ஏறக்குறைய முழுமையாகவே. பாண்டாவுக்கு சில சதுர கிலோமீட்டர் போதும், அவற்றுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதே துண்டுகள் பாண்டாவை நெருக்கின, வேட்டை விலங்குகளை வெளியேற்றியே விட்டன.

கடைசியாக, மறுபடியும் வோலோங்கின் ஜனங்கள். மரவெட்டுத் தடைக்குப் பின் அங்கே காப்பக நிர்வாகம் ஒரு வேலை செய்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சில வீடுகளிடம் ஒப்படைத்தது. திருட்டு வெட்டு இல்லாமல் பார்த்துக்கொண்டால் வீட்டுக்கு ஆண்டுதோறும் பணம், வெட்டு தெரியவந்தால் அந்தக் குழுவுக்குப் பணத்தில் பிடித்தம். சில பகுதிகள் ஒரே வீட்டிடம் இருந்தன, சில பதினாறு வீடுகள் வரை சேர்ந்த குழுவிடம். எது நன்றாக வேலை செய்தது என்று 2013ல் ஆராய்ந்தபோது கிடைத்த பதில் எட்டு, ஒன்பது வீடுகள். ஒரே வீடாக இருந்தால் மலையேறிக் காவல் காக்க ஆள் போதவில்லை. குழு பெரிதானால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டார்கள். எட்டு, ஒன்பது வீடுகள் என்றால் யார் காவலுக்குப் போனார், யார் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1997 வரை தேய்ந்துகொண்டே வந்த காடு இந்தத் திட்டத்துக்குப் பிறகு மீளத் தொடங்கியது. விறகுக்காக மேலே ஏறிய அதே வீடுகள்தான் இப்போது காவலுக்கும் ஏறின.